கம்பிவேலிக்குள் கூட்டம்: இங்கிலாந்துக் கால்பந்து அரங்குகளில் காவலின் கதை

கால்பந்து ஆட்டத்துக்குத் திரளும் கூட்டத்தைப் பற்றி இரண்டு விதமாக அஞ்சலாம்: அது கலகம் செய்துவிடும் என்று அஞ்சலாம்; அல்லது தன் எடையிலேயே நசுங்கிச் செத்துவிடும் என்று அஞ்சலாம். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் தொழில்முறைக் கால்பந்து வேரூன்றிய நாள்முதல் ஏறத்தாழ நூறாண்டுகள் வரை முதலாவது அச்சம் காவல்துறையின் பொறுப்பாகவும், இரண்டாவது யாருடைய பொறுப்பும் அல்லாததாகவும் இருந்துவந்தது. அதன் விளைவாக, கலகத்தைத் தடுக்க எழுப்பிய தடுப்புகளே நெரிசலில் சிக்கியவர்களின் வழியை அடைத்தன என்பதுதான் இந்த வரலாற்றின் நடுநாடி.

சனிக்கிழமை அரைநாள் விடுமுறை தொழிற்சாலை மக்களுக்குக் கிடைத்ததும், 1888இல் கால்பந்து லீக் தொடங்கப்பட்டதும், ரயில் கட்டணம் கைக்கெட்டும் அளவுக்கு வந்ததும் ஒன்றுசேர்ந்து, சில ஆயிரம் பேர் வேடிக்கை பார்த்த ஆட்டத்தைப் பல்லாயிரம் பேர் காசு கொடுத்துப் பார்க்கும் தொழிலாக மாற்றின. மைதானத்தைச் சுற்றி மண்ணையும் நிலக்கரிச் சாம்பலையும் கொட்டி மேடாக்கி, அதில் படி வெட்டி, நின்றுகொண்டே ஆட்டம் பார்க்க வகைசெய்தார்கள். ‘டெரஸ்’ என்று வழங்கிய இந்தப் படிமேடைகளில் ஒருவருக்கு இவ்வளவு இடம் என்ற கணக்கே கிடையாது, நுழைவாயிலில் காசு விழும்வரை ஆளை உள்ளே விட்டுக்கொண்டிருப்பதே வழக்கம். காவலர்களைக் கழகங்களே கூலி கொடுத்து அழைத்துக்கொண்டன. ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் இறங்காமலும் காசு கொடுக்காதவர் சுவரேறிக் குதிக்காமலும் பார்த்துக்கொள்வது அவர்களுக்கு இடப்பட்ட வேலை. படிமேடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க அவர்களை யாரும் கேட்கவில்லை. 1902 ஏப்ரல் 5 அன்று கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் அரங்கில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதியபோது மரத்தாலான மேடை உடைந்து 25 பேர் இறந்தனர். அதிலிருந்து கற்ற பாடம் மரத்துக்குப் பதில் மண்மேடு என்ற கட்டுமானப் பாடம் மட்டுமே.

கலகமும் அப்போதே இருந்தது. அது 1960களில் பிறந்தது என்பது பரவலான ஒரு மறதி. 1909 ஏப்ரலில் அதே கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் அரங்கில் செல்டிக், ரேஞ்சர்ஸ் அணிகளுக்கிடையேயான கோப்பை இறுதியாட்டம் இரண்டாம் முறையும் சமனில் முடிந்தது. கூடுதல் நேரம் ஆடுவார்கள் என்று காத்திருந்து ஏமாந்த ரசிகர்கள் கோல்கம்பங்களைப் பிடுங்கி, கட்டணச் சாவடிகளுக்குத் தீவைத்து, அணைக்க வந்த தீயணைப்புக் குழாய்களையும் வெட்டினார்கள். அந்த ஆண்டு கோப்பை எவருக்கும் வழங்கப்படவில்லை. எதிரணி ரசிகர்மீது பாயாமல் இரு தரப்பும் சேர்ந்தே நிர்வாகத்தின்மீது பாய்ந்தது அக்காலக் கலகங்களின் ஒரு சாயல்.

1923 ஏப்ரல் 28 அன்று லண்டனில் புதிதாகக் கட்டிய வெம்ப்ளி அரங்கில் போல்டன் வாண்டரர்ஸும் வெஸ்ட் ஹாமும் ஆடிய இறுதியாட்டம், கூட்டக் காவலைப் பற்றி ஆங்கிலேயர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும் புராணமாகிவிட்டது. முன்பதிவுச் சீட்டு முறை முழுமையாக இல்லாததால் சுவரேறியும் தடுப்புகளைத் தாண்டியும் மக்கள் நுழைந்தனர். அதிகாரபூர்வக் கணக்கு 126,047 என்றாலும், உள்ளே இருந்தவர்கள் 2 லட்சத்தைத் தாண்டியிருப்பர் என்பது பொதுவான மதிப்பீடு. ஆடுகளம் முழுவதும் தலைகளாக நிறைந்திருக்க, ஜார்ஜ் ஸ்கோரி என்ற காவலர் பில்லி என்ற தம் குதிரையின்மேல் அமர்ந்து கூட்டத்தை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு நகர்த்தினார். ஆட்டம் முக்கால் மணிநேரம் தாமதமாகத் தொடங்கியது. சாம்பல் நிறக் குதிரை கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளையாகத் தெரிந்ததால் ‘வெள்ளைக்குதிரை இறுதியாட்டம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது, இன்று வெம்ப்ளி அருகே ஒரு நடைபாலமே அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. வேறு குதிரைக் காவலர்களும் அங்கே இருந்ததும், கைகோத்துப் பின்வாங்கச் சொன்னபோது கூட்டம் கேட்டுக்கொண்டதும் புராணத்தில் இடம்பெறவில்லை. ஒரு குதிரையும் ஒரு நல்ல காவலரும் போதும், சட்டம் எதற்கு என்ற மனநிறைவை அந்தப் படச்சுருள் தந்துவிட்டது என்று கருத இடமிருக்கிறது. அதையடுத்து முன்னாள் உள்துறை அமைச்சர் எட்வர்ட் ஷார்ட் தலைமையில் அமைந்த குழு, அரங்கில் யார் எதற்குப் பொறுப்பு என்பதைத் தெளிவாகப் பிரிக்கும்படி 1924இல் பரிந்துரைத்தது. கால்பந்துச் சங்கமோ அந்தக் குழுவின் முன் சாட்சியம் அளிக்கவே வரவில்லை; அறிக்கையும் அலமாரிக்குப் போனது.

1946 மார்ச் 9 அன்று போல்டன் நகரின் பர்ன்டன் பார்க் அரங்கில் அதன் விலை தெரிந்தது. போர் முடிந்து ஆட்டத்துக்கு ஏங்கிக் கிடந்த மக்கள் ஸ்டோக் சிட்டி அணியுடனான கோப்பை ஆட்டத்துக்குத் திரண்டு வந்தனர். வாயில்களை மூடிய பிறகும் வேலியேறிப் பலர் நுழைந்தார்கள். நெரிசலுக்குப் பயந்து மகனுடன் வெளியேற விரும்பிய ஒருவர் பூட்டைத் திறந்த வழியிலும் புதிய கூட்டம் புகுந்தது. தடுப்புக் கம்பிகள் இரண்டு வளைந்து சரிய, 33 பேர் மிதிபட்டும் மூச்சுத்திணறியும் இறந்தனர். இறந்தவர்களைக் கோட்டுகளால் மூடி எல்லைக்கோட்டோரம் கிடத்தி, மரத்தூளால் புதிய கோடு போட்டு, ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடி முடித்தார்கள். நிறுத்தினால் கூட்டம் கலகம் செய்யுமோ என்ற அச்சத்துக்கு அன்றும் முதலிடம் கிடைத்தது. மோல்வின் ஹியூஸ் தலைமையிலான விசாரணை, ஒவ்வோர் அடைப்பிலும் எத்தனை பேர் நிற்கலாம் என்று கணக்கிட வேண்டும், நுழைவோரை எந்திரத்தால் எண்ண வேண்டும், அரங்குகளுக்கு உரிமம் வேண்டும் என்றெல்லாம் சொன்னது. உரிமச் சட்டம் வர இன்னும் 29 ஆண்டுகள் ஆயின.

அந்த இடைவெளியில் காட்சி மாறியது. 1960களில் கோல்கம்பத்துக்குப் பின்னுள்ள படிமேடைகளை இளைஞர்கள் தமக்கென்று பிடித்துக்கொண்டு, எதிரணி ரசிகர்களின் மேடையைக் ‘கைப்பற்றுவதை’ ஒரு விளையாட்டாகவே ஆக்கினார்கள். மலிவான சிறப்பு ரயில்கள் அவர்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தன. ‘ஹூலிகன்’ என்ற பழைய சொல், அதாவது தெரு ரவுடி, கால்பந்து ரசிகனுக்கே உரிய பட்டமானது இக்காலத்தில்தான். 1968இல் பர்மிங்காம் மனநல மருத்துவர் ஜான் ஹாரிங்டன் தலைமையிலும், அடுத்த ஆண்டு ஜான் லாங் தலைமையிலும் அரசுக்கு அறிக்கைகள் வந்தன. 1971 ஜனவரி 2 அன்று ஐப்ராக்ஸில், எந்தச் சண்டையும் இல்லாமல் வீடு திரும்பிக்கொண்டிருந்த கூட்டத்தில் 66 பேர் ஒரு படிக்கட்டில் நசுங்கி இறந்தனர். அதையடுத்த வீட்லி அறிக்கையின் விளைவாக 1975இல் விளையாட்டு அரங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பெரிய அரங்குகள் உள்ளாட்சியிடம் பாதுகாப்புச் சான்றிதழ் பெற வேண்டும் என்றாயிற்று.

சான்றிதழும் கம்பிவேலியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அரங்குக்குள் வந்தன என்பதை இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய 1974ஆம் ஆண்டை ஒட்டி, அதன் ரசிகர்கள் போன ஊரெல்லாம் ரகளை என்று செய்தி வர, படிமேடைக்கும் ஆடுகளத்துக்கும் இடையே ஆளுயரத்துக்கு மேலான எஃகு வேலிகள் எழுந்தன; ஏறுவோர் தாண்டிவிடாதபடி அவற்றின் உச்சி ரசிகர்களை நோக்கி வளைக்கப்பட்டது. வேலியில் ஆங்காங்கே ஓராள் நுழையக்கூடிய சிறு கதவுகள் இருந்தன, ஆட்டத்தின்போது அவை தாழிடப்பட்டிருந்தன. இரு அணி ரசிகர்களையும் பிரித்து நிறுத்தும் முறையும் இதோடு சேர்ந்து வளர்ந்தது: வெளியூர் ரசிகர்களை ரயில்நிலையத்திலேயே எதிர்கொண்டு, குதிரைகளும் நாய்களும் இருபுறமும் வர ஊர்வலமாக நடத்திச் சென்று, சோதனையிட்டு, தனி வாயிலில் விட்டு, ஆட்டம் முடிந்தபின் உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை நிறுத்திவைத்து, திரும்பவும் ரயிலேற்றுவது. எட்டி உதைக்க முடியாமலும் வேகமாக ஓட முடியாமலும் இருக்கட்டும் என்று சில இடங்களில் இளைஞர்களின் பூட்ஸ் நாடாக்களையே காவலர்கள் உருவி வைத்துக்கொண்டார்கள்.

இந்த முறைக்குப் பலனே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. அரங்குக்குள் கைகலப்பு குறைந்தது. ஆனால் அது தெருவுக்கும் மதுக்கடைக்கும் ரயில்நிலையத்துக்கும் இடம்பெயர்ந்தது. காவலர் கண்ணில் படாதிருக்க அணி நிறத் துணிகளைக் கழற்றிவிட்டு, சிறப்பு ரயிலைத் தவிர்த்துச் சாதாரண ரயிலில் வந்த கும்பல்கள் முன்னிலும் இறுக்கமாகத் திரண்டன. வெஸ்ட் ஹாம் ரசிகர்களின் பேர்பெற்ற கும்பல் ‘இன்டர்சிட்டி’ ரயிலின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. சண்டை பிடிக்க வந்தவன் வேலிக்கு வெளியே வழி தேடிக்கொண்டான். ஆட்டம் பார்க்க வந்தவன் வேலிக்குள் ஆட்டுப்பட்டியில் அடைபட்டவன் போல நின்றான்.

1985ஆம் ஆண்டில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மார்ச் 13 அன்று லூட்டனில் மில்வால் ரசிகர்கள் இருக்கைகளைப் பிடுங்கிக் காவலர்கள்மீது வீசிய காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. மே 11 அன்று பிராட்ஃபோர்டில் பழைய மரக்கூரை மேடையில் தீப்பிடித்து 56 பேர் இறந்தனர். அதே நாளில் பர்மிங்காமில் நடந்த கலவரத்தில் சுவர் இடிந்து ஒரு சிறுவன் இறந்தான். மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் அரங்கில் லிவர்பூல் ரசிகர்கள் மெல்லிய கம்பி வலையைத் தள்ளிக்கொண்டு பாய, ஒதுங்கிய யுவென்டஸ் ரசிகர்கள்மீது சுவர் சரிந்தது. 39 பேர் இறந்தார்கள். பாழடைந்த அரங்கும் பிழையான சீட்டு விற்பனையும் அதில் பங்குவகித்தன என்றாலும், பாய்ந்தவர்களின் குற்றம் மறுக்க முடியாதது, சிலர் சிறைத்தண்டனையும் பெற்றார்கள்.

பிராட்ஃபோர்டில் பின்வாயில்கள் பூட்டிக் கிடந்தன. தப்பியவர்களில் பெரும்பாலோர் முன்பக்கமாக ஆடுகளத்துக்குள் குதித்துத் தப்பினார்கள். அந்த மேடைக்கு முன்னால் உயரமான வேலி இல்லாததே அவர்களைக் காத்தது. விசாரித்த நீதிபதி பாப்பிள்வெல் வேலிகளில் அவசர வழிகள் வேண்டும் என்று வலியுறுத்தினார். ஆனால் காலத்தின் காற்று வேறுபக்கம் அடித்தது. செல்சி கழகத் தலைவர் கென் பேட்ஸ் அதே ஆண்டில் தம் அரங்கின் வேலியில் மின்சாரம் பாய்ச்சவே ஏற்பாடு செய்தார்; லண்டன் பெருநகர மன்றம் அனுமதி மறுத்ததால் அது செயலுக்கு வரவில்லை. அரங்கில் மது விற்பனையையும் போதையோடு நுழைவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது, கண்காணிப்புக் கேமராக்கள் வந்தன, கும்பல்களுக்குள் மாறுவேடக் காவலர்கள் ஊடுருவினார்கள் (அவர்களின் குறிப்பேடுகளை நம்ப முடியாமல் பல வழக்குகள் பின்னர் குலைந்தன). ஒவ்வொரு ரசிகரும் உறுப்பினர் அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற திட்டத்தைப் பிரதமர் மார்கரெட் தாட்சர் முன்னெடுத்தார்.

ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் 1989 ஏப்ரல் 15 அன்று நடந்ததை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள முடியும். அங்கே 1981இலேயே ஒரு நெரிசலில் 38 பேர் காயமுற்றிருந்தனர். அதன்பின் லெப்பிங்ஸ் லேன் பக்கப் படிமேடையைக் குறுக்கு வேலிகளால் தனித்தனி அடைப்புகளாகப் பிரித்தார்களே தவிர, பாதுகாப்புச் சான்றிதழை அதற்கேற்பத் திருத்தவில்லை. லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும் மோதிய அந்த அரையிறுதியில், நின்று பார்க்கச் சீட்டு வாங்கிய 10,100 லிவர்பூல் ரசிகர்களுக்கு ஏழே சுழல்வாயில்கள். ஒவ்வொருவராகக் கம்பியைத் தள்ளிக்கொண்டு நுழையும் அந்த வாயில்களால் தொடக்க நேரமான 3 மணிக்குள் அத்தனை பேரை உள்ளே விட முடியாது. வெளியே நெருக்கம் ஆபத்தாக, 2.52க்கு ‘சி’ என்ற அகன்ற வாயிலைத் திறக்கக் காவல் பொறுப்பதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்ட் உத்தரவிட்டார். அந்தப் பதவிக்கு உயர்ந்து மூன்று வாரம்கூட ஆகாதவர் அவர். உள்ளே நுழைந்தவர்களுக்கு நேரெதிரே தெரிந்தது ஒரு சுரங்கவழி. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடு அடைப்புகள் இரண்டுக்கும் இட்டுச்சென்றது. பக்கத்து அடைப்புகளில் தாராளமாக இடமிருந்தது. சுரங்கவழியை மூடி மக்களைப் பக்கங்களுக்குத் திருப்பிவிடும்படி யாருக்கும் கட்டளை போகவில்லை.

முன்வரிசையில் இருந்தவர்கள் எஃகு வலையோடு ஒட்டி நசுங்கினார்கள். மூச்சுக்குத் தவித்து வேலியேறியவர்களைக் கண்ட காவலர்கள் அதை ஆடுகள ஊடுருவல் என்று எடுத்துக்கொண்டு முதலில் திருப்பித் தள்ளினார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து நாய்ப்படைக்கு அழைப்பு போனது. 3.06க்கு ஆட்டம் நின்றது. விளம்பரப் பலகைகளைப் பிடுங்கித் தூக்குக்கட்டிலாக்கிக் காயம்பட்டவர்களைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் ரசிகர்களே. அன்றும் பின்னருமாக இறந்தவர்கள் 97 பேர். ரசிகர்களே வாயிலை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள் என்று டக்கன்ஃபீல்ட் அந்த நேரத்திலேயே கால்பந்துச் சங்கத்தாரிடம் சொன்னார். அது பொய் என்று 2015இல் மரண விசாரணையில் ஒப்புக்கொண்டார். நான்கு நாள் கழித்து ‘தி சன்’ நாளிதழ் ரசிகர்கள் பிணங்களில் திருடியதாகவும் காவலர்மீது சிறுநீர் கழித்ததாகவும் ‘உண்மை’ என்ற தலைப்போடு அச்சிட்டது. நீதிபதி பீட்டர் டெய்லரின் இடைக்கால அறிக்கை அதே ஆகஸ்டில் காவல் கட்டுப்பாட்டின் தவறே முதன்மைக் காரணம் என்று தெளிவாகச் சொல்லியும், பழி ரசிகர்களைவிட்டு நீங்கவில்லை. காவலர்களின் வாக்குமூலங்கள் 164 திருத்தப்பட்டிருந்தன என்பதை 2012இல் ஒரு சுயேச்சைக் குழு வெளிக்கொணர்ந்தது. 2016இல் மரண விசாரணை ஜூரிகள் இந்த மரணங்களைச் சட்டவிரோதக் கொலை என்று முடிவுசெய்து, ரசிகர்களிடம் தவறில்லை என்றும் கூறினர். 2019இல் குற்றவியல் நீதிமன்றம் டக்கன்ஃபீல்டை விடுவித்தது.

கலகக்காரனைத் தேடிப் பழகிய கண்ணுக்கு நசுங்குகிறவனும் கலகக்காரனாகவே தெரிந்தான். இதைத் தனியொரு அதிகாரியின் பதற்றமாகச் சுருக்கிவிட முடியாது. அரங்கின் கட்டமைப்பும், காவலரின் பணி ஆணைகளும், சான்றிதழ் அதிகாரிகளின் அலட்சியமும் பதினைந்தாண்டுகளாக அந்தப் பார்வையின் மீதே கட்டப்பட்டிருந்தன. 1990 ஜனவரியில் வந்த டெய்லரின் இறுதி அறிக்கை, கூட்டப் பாதுகாப்பு குறித்த அதிகாரபூர்வ அறிக்கைகளில் ஒன்பதாவது. முந்தைய எட்டும் என்னவாயின என்ற கேள்வியை அவரே மறைக்காமல் எழுப்பினார். வேலிகள் இறங்கின. மேல்நிலைப் பிரிவு அரங்குகள் முழுவதும் இருக்கை அமைப்புக்கு மாறின. உறுப்பினர் அட்டைத் திட்டம் கைவிடப்பட்டது.

இதற்குள் பணமும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அரங்குக்குள் நிற்கும் காவலருக்குக் கழகமே கட்டணம் செலுத்த வேண்டும் என்று ஷெஃபீல்டு யுனைடெட் வழக்கில் 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பொது ஒழுங்கைக் காப்பது காவல்துறையின் இயல்பான கடமை, அதற்கு ஏன் காசு என்ற கழகத்தின் வாதம் எடுபடவில்லை. வழக்குத் தொடுத்தது, ஹில்ஸ்பரோவும் அடங்கிய தென் யார்க்‌ஷயர் காவல் ஆட்சியம்தான். காவலரைவிட மலிவான, பயிற்சி பெற்ற அரங்க ஊழியர்களை (மஞ்சள் மேலங்கியோடு நிற்கும் இவர்களை ‘ஸ்டூவர்டு’ என்பர்) கழகங்கள் நாடின. கூட்டப் பாதுகாப்பு, கழகமே நியமிக்கும் பாதுகாப்பு அலுவலரின் பொறுப்பாயிற்று. காவலர் ஒருவர்கூட இல்லாமலே இன்று பல ஆட்டங்கள் நடக்கின்றன. குற்றம் செய்தவரைத் தனித்துப் பிடித்து விலக்கும் தடை ஆணைகளும் வந்தன: 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையின்போது பெல்ஜியத்தின் சார்லராவில் ஆங்கிலேய ரசிகர்கள் செய்த ரகளைக்குப்பின், வெளிநாட்டு ஆட்டங்களின்போது கடவுச்சீட்டையே ஒப்படைக்கச் செய்யும் அளவுக்கு அவை கடுமையாக்கப்பட்டன. தண்டனை பெறாதவர்மீதும் இவ்வாணை பாயலாம் என்பது குடிமையுரிமை நோக்கில் இன்றும் உறுத்தலானது.

கூட்டத்தில் சேர்ந்தவன் அறிவிழக்கிறான் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் குஸ்தாவ் லெ பான் 1895இல் எழுதியதையே காவல் பயிற்சி நெடுங்காலம் மெய்யென்று கொண்டிருந்தது. கூட்டம் தன்னை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பார்த்தே நடந்துகொள்கிறது, எல்லாரையும் ஒரே தடியால் அடித்தால் எல்லாரும் ஒன்றாகி எதிர்ப்பார்கள் என்று ஸ்டீபன் ரைக்கர், கிளிஃபோர்ட் ஸ்டாட் ஆகிய உளவியலாளர்கள் வாதிட்டனர். போர்ச்சுகலில் 2004இல் நடந்த ஐரோப்பியக் கோப்பையில் நகரங்களைக் காத்த காவல்படை அதை நடைமுறையில் பார்த்தது: சாதாரணச் சீருடையில் இருவர் இருவராக ரசிகர்களோடு பேசிக்கொண்டே திரிந்தார்கள், கலகத் தடுப்புப் படை கண்ணுக்கு மறைவாகத் தயார்நிலையில் நின்றது. ஆட்டம் நடந்த நகரங்கள் பெரும்பாலும் அமைதியாக இருந்தன. இம்முறையைக் கைக்கொள்ளாத வேறொரு படையின் பொறுப்பிலிருந்த அல்புஃபெய்ரா கடற்கரை ஊரில் இரண்டு இரவுகள் மோதல் நடந்தது.

பழைய பார்வை எளிதில் சாகாது என்பதற்கு 2022 மே 28 அன்று பாரிஸ் புறநகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் சான்று. லிவர்பூல் ரசிகர்கள் கலகக்காரர்கள் என்ற முன்முடிவோடு திட்டமிட்ட பிரெஞ்சுக் காவல்துறை, அவர்களைக் குறுகலான வழியில் திருப்பிவிட்டு, நெரிசல் முற்றியதும் குழந்தைகளும் நின்ற வரிசைகள்மீது கண்ணீர்ப் புகை அடித்தது. பல்லாயிரம் பேர் போலிச் சீட்டோடு வந்தார்கள் என்று உள்துறை அமைச்சர் சொன்னார். சுழல்வாயில்களில் உறுதியாகப் பிடிபட்ட போலிச் சீட்டுகளோ மூவாயிரத்துக்கும் குறைவு. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமே அமைத்த சுயேச்சைக் குழு 2023 பிப்ரவரியில் அளித்த அறிக்கை முதன்மைப் பொறுப்பை அந்தச் சங்கத்தின்மீதும், அடுத்துக் காவல்துறைமீதும் சுமத்தியது. ஹில்ஸ்பரோவைப் பற்றிய தவறான புரிதலே அன்றைய காவல் திட்டத்தில் புகுந்திருந்தது என்றும், பெருஞ்சாவு நேராமல் தடுத்ததில் வரிசையில் நின்ற ரசிகர்களின் பொறுமைக்கும் ஒத்துழைப்புக்கும் பெரும் பங்குண்டு என்றும் அது பதிவுசெய்தது.